ஒலிபெருக்கிக்கு அடங்காத வதந்தி

திரிபுராவின் தென்கோடியில் உள்ள சப்ரூம் வட்டாரத்தில், 2018 ஜூன் 28 அன்று ஓர் இளைஞர் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகப் பரவும் செய்தி பொய், யாரும் நம்ப வேண்டாம் என்று அறிவிப்பதே அவருக்குத் தரப்பட்டிருந்த வேலை. மாநில அரசின் தகவல் துறை அதற்காகவே அவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தது. வழியில் திரண்ட கூட்டம் அவரையே பிள்ளை பிடிப்பவர் என்று கூறி அடித்துக் கொன்றது. அதே நாளில், உத்தரப்பிரதேசத்திலிருந்து பொருள் விற்க வந்திருந்த ஒரு வியாபாரியும் இதே பழியின் பேரில் அம்மாநிலத்தில் கொல்லப்பட்டார்.

இதை ஒரு விபரீதச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்கள் பலர். பொய்ச்செய்திக்கு எதிராகப் பணியாற்றும் ஒவ்வொரு கட்சி ஊழியரும் நின்று ஆராய வேண்டிய நிகழ்ச்சி இது. அன்று அரசு என்ன செய்தது? உண்மையை உரத்த குரலில் சொன்னது. இன்று நம் தோழர்களில் பலர் செய்வதும் அதுவேதான். ஒலிபெருக்கி இருந்த இடத்தில் கைபேசி இருக்கிறது, அவ்வளவே.

முன்கதையையும் சொல்லியாக வேண்டும். அதற்கு 2 நாள் முன்பு மோகன்பூர் பகுதியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பிணமாகக் கிடந்தான். சிறுநீரகத்துக்காகக் கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. சிறுவனின் வீட்டுக்குச் சென்ற மாநில அமைச்சர் ஒருவரே அவ்வாறு பேசியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. உடலில் சிறுநீரகங்கள் இருந்தன என்று பின்னர் காவல்துறை அறிவித்தது. அமைச்சர் வாயிலிருந்து புறப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பொய்யை, ஒரு தினக்கூலியின் ஒலிபெருக்கி அழித்துவிடும் என்று எதிர்பார்த்தது அரசு. அவர் கொல்லப்பட்ட பின் அது கண்ட அடுத்த வழி, 48 மணி நேரம் இணையத்தை முடக்குவது.

அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த இத்தகைய கொலைகளுக்கு ஆங்கில ஊடகங்களும் படித்த நடுத்தர வர்க்கமும் ஒரே விளக்கத்தைத் தந்தன: அறியாமையில் மூழ்கிய கூட்டத்தின் கையில் மலிவு விலைக் கைபேசி கிடைத்துவிட்டது. 20 கோடிக்கும் மேற்பட்ட இந்தியப் பயனர்களை வைத்து வணிகம் செய்யும் வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு இந்த விளக்கம் மிகவும் வசதியாக இருந்தது. பொய்ச்செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்று நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பொறுப்பு முழுவதும் படிப்பவன் தலையில் ஏற்றப்பட்டது. அரசுக்கும் அது உகந்ததாகவே இருந்தது.

இந்த விளக்கத்தை நாம் ஏற்கலாகாது. ஏழைகளின் அச்சம் வெற்றிடத்திலிருந்து பிறக்கவில்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகள் இந்நாட்டில் காணாமல் போகிறார்கள். அரசின் குற்ற ஆவணங்களே இதைச் சொல்கின்றன. நொய்டாவின் நிதாரியில் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தபோது, பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தும் அவர்கள் சொல் எடுபடவில்லை. 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளிவந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பிள்ளையைக் காணோம் என்று புகார் கொடுக்கப் போனால் விரட்டியடிக்கப்படும் மக்கள், பிள்ளை பிடிப்பவன் வருகிறான் என்ற செய்தியைக் கேட்டால் யாரிடம் போய் உறுதி செய்துகொள்வார்கள்? 1789இல் பிரெஞ்சு நாட்டுப்புறங்களைக் கொள்ளையர் வருகிறார்கள் என்ற வதந்தி ஆட்டிப்படைத்ததை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ழார்ழ் லெஃபேவ்ர், பசியும் நிலப்பிரபுக்கள் மீதான அவநம்பிக்கையும் நிறைந்த மண்ணில்தான் அது வேர்விட்டது என்று காட்டினார். அவர் நூல் வெளிவந்து 90 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் தொலைக்காட்சி விவாதங்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

ஆனால் அச்சத்துக்குப் பொருளியல் அடித்தளம் உண்டு என்று சொன்னதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த அச்சம் யார் மீது பாய்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில் கொல்லப்பட்ட ஐவரும் நாத்பந்தி தவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தினர். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் கொல்லப்பட்ட 65 வயது மூதாட்டி, குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து வந்தவர். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர் செய்த குற்றம். பிள்ளைகளைக் காக்கத் தவறிய காவல்துறை மீதோ அமைச்சர் மீதோ ஒரு கல்லும் விழவில்லை. ஊருக்குப் புதியவன், வீடற்றவன், வேற்றுமொழி பேசுபவன் மீது விழுந்தது. அச்சம் உண்மையானது, அதற்குக் காட்டப்பட்ட எதிரி பொய்யானவன். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பிரச்சாரம் மக்களைப் பழிக்கும், அல்லது மக்களுக்கு ஒத்து ஊதும்.

அந்த எதிரியைக் காட்டிய காணொளி எப்படி வந்தது? பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விளம்பரப் படம் அது. இருசக்கர வண்டியில் வருபவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். பின்னர் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்ற பொருள்பட எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இந்தியாவில் சுற்றவிட்டார்கள். அதனுடன், 2013இல் சிரியாவில் நச்சுவாயுத் தாக்குதலில் மடிந்த குழந்தைகளின் படமும் உறுப்புத் திருட்டின் சாட்சியாகச் சுற்றியது. குழந்தையைக் காப்பாற்ற எடுத்த படத்தையே கொலைக்கருவியாக்க ஒரு கத்தரிப்பு போதுமானதாக இருந்தது.

இனி மனித மனத்தின் இயல்புக்கு வருவோம். உளவியல் ஆய்வு என்றாலே முதலாளித்துவ நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. விளம்பர நிறுவனங்களும் வலதுசாரித் தேர்தல் எந்திரங்களும் அந்தச் சரக்கைக் கரைத்துக் குடித்திருக்கும்போது, நாம் மட்டும் அதைத் தொடமாட்டோம் என்பது தத்துவ உறுதி ஆகாது.

1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ ஆகிய மூவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். மெய்யும் பொய்யுமான கூற்றுகளை 2 வார இடைவெளியில் 3 முறை கேட்கச் செய்தனர். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று, மெய்யோ பொய்யோ, மாணவர்களுக்கு மேலும் மேலும் உண்மையாகத் தோன்றியது. மனத்துக்குப் பழகியது எளிதில் உள்ளே நுழைகிறது. அந்த எளிமையை மனம் உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்று எண்ண வேண்டாம். 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடைக்குச் சேலை என்று பெயர் என்பது போன்ற அப்பட்டமான பொய்கள் தரப்பட்டன. சரியான விடை தெரிந்தவர்களிடம்கூட, மறுமுறை படித்தபோது அவற்றின் நம்பகத்தன்மை ஏறியது. (நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி அந்தச் சோதனையில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்னவோ.)

இதன் நடைமுறைப் பொருள் என்ன? நம் சுவரொட்டிகளிலும் சமூக ஊடகப் பதிவுகளிலும் எதிரியின் பொய்யைப் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட்டு, அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போடுகிறோம். படிப்பவர் ஒரு வாரத்தில் கோட்டை மறந்துவிடுவார். தலைப்பு நினைவில் நிற்கும். எதிரியின் அச்சகச் செலவை நாம் ஏற்றுக்கொண்டோம் என்பதே கண்ட பலன்.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியமானது. 1994இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இருவர், ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக முதலில் செய்தி வரும். பின்னர், அது தவறு, அந்த அறை காலியாக இருந்தது என்று திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்து நினைவிலும் வைத்திருந்தவர்களே, புகை ஏன் அவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று கேட்டால் பெயின்டைப் பற்றிப் பேசினார்கள். தீக்கு வேறொரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னபோதுதான் பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. ஏனெனில் மனம் ஒரு கதையைக் காரண காரியத்தோடு கட்டி வைக்கிறது. நடுவிலிருந்து ஒரு செங்கல்லை உருவிவிட்டால், ஓட்டையோடு வாழ்வதைவிடப் பழைய கல்லையே மீண்டும் வைத்துக்கொள்ள அது விரும்புகிறது.

இங்குதான் மார்க்சியருக்கு வேலை இருக்கிறது. பொய் என்று சொல்வது உண்மை சரிபார்க்கும் நிறுவனங்களால் ஆகக்கூடியது, அதை அவர்கள் திறம்படவே செய்கிறார்கள். மாற்றுக் காரணத்தைத் தருவது அவர்கள் வேலையல்ல. வேலை ஏன் இல்லை, கூலி ஏன் ஏறவில்லை, காவல் நிலையம் ஏன் புகாரை வாங்கவில்லை என்பதற்கு விடை தருகிற ஒரு கதையைத்தான் வகுப்புவாதம் மக்களுக்கு விற்கிறது. அந்தக் கதையில் உள்ள ஒரு புள்ளிவிவரம் தவறு என்று நிறுவிவிட்டு நாம் வீட்டுக்குப் போனால், ஓட்டையை அடைக்க அவர்கள் மறுநாள் வருவார்கள்.

மறுத்துப் பேசினால் மக்கள் இன்னும் பிடிவாதமாகிவிடுகிறார்கள், எனவே பேசிப் பயனில்லை என்று சோர்வோடு சொல்லும் தோழர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நைஹான், ரைஃப்லர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்துக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. ஆனால் உட், போர்ட்டர் இருவரும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 52 பிரச்சினைகளை வைத்துச் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவு வேறு. திருத்தம் சொன்னால் பெரும்பாலும் மக்கள் அந்தத் தகவலை ஏற்கவே செய்கிறார்கள். பிடிவாதம் ஏறுவது அரிது. எனவே சோர்வுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆயினும் தகவலை ஏற்பதும் சார்பை விடுவதும் ஒன்றல்ல. தலைவர் சொன்னது பொய்தான் என்று ஒப்புக்கொண்டு அவருக்கே வாக்களிப்பவரை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

நம் நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகள் இதில் வழிகாட்டுகின்றன. இரண்டும் பீகாரில் நடந்தவை. 2019 மக்களவைத் தேர்தல் வேளையில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 1,224 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினரின் வீட்டுக்கே பயிற்சியாளர்களை அனுப்பி, பொய்ச்செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தார். பிறகு சோதித்துப் பார்த்ததில், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. பாஜக ஆதரவாளர்களிடமோ, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை இனங்காணும் திறன் பயிற்சிக்குப் பின் குறைந்தே காணப்பட்டது. தேர்தல் சூட்டில், அறிமுகமில்லாதவர் ஒருவர் வீட்டுக்கு வந்து நடத்திய பாடம், தங்கள் அணி மீதான தாக்குதலாக அவர்களுக்குப் பட்டிருக்கக்கூடும்.

பின்னர் அவரும் மற்றும் சிலரும் சேர்ந்து அதே மாநிலத்தில், அரசின் ஒத்துழைப்புடன், கிராமப்புற நூலகங்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இதே முயற்சியை வேறு வடிவில் செய்தார்கள். ஒரு மணி நேரம் அல்ல. 14 வாரங்கள், சக மாணவர்களோடு உட்கார்ந்து, வகுப்பாக. இம்முறை பலன் கிட்டியது. மாதங்கள் கழித்தும் அது நீடித்தது. பிள்ளைகள் வழியே பெற்றோருக்கும் ஓரளவு சென்றது. இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சொல்லப்பட்ட செய்தியில் பெரிய வேறுபாடு இல்லை. எவ்வளவு காலம், எந்த உறவில், எந்தக் கூட்டுச் சூழலில் சொல்லப்பட்டது என்பதில்தான் வேறுபாடு. கிளைக் கூட்டமும் வாசகர் வட்டமும் நடத்தும் கட்சிக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடாது.

பீகாரையும் தமிழ்நாட்டையும் இணைத்த ஒரு பொய்யை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்ப்போம். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும் காணொளிகள் பரவின. அவற்றுள் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. பாஜக இதைப் பீகார் சட்டமன்றத்தில் எழுப்பி அமளி செய்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பாஜகவின் உத்தரப்பிரதேசச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் மீது வழக்கும் பதிந்தது. மாவட்ட நிர்வாகங்கள் உதவி எண்களை அறிவித்தன. முதலமைச்சர் ஆலை ஒன்றுக்கே சென்று தொழிலாளர்களைச் சந்தித்தார். பொய் அடங்கியது. அது திட்டமிட்ட அரசியல் என்பதை நம் இயக்கம் அப்போதே அம்பலப்படுத்தியது.

ஆனால் அந்தத் தொழிலாளி ஏன் நம்பினார் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை. அவரை மேற்பார்வையாளர் எப்படி விளிக்கிறார்? பேருந்தில் அவர் பக்கத்தில் அமர்பவர் முகம் எப்படிச் சுளிக்கிறது? "வடக்கன்" என்ற சொல் எத்தனை நகைச்சுவைக் காட்சிகளில், எத்தனை தேநீர்க்கடைப் பேச்சுகளில் வசைச்சொல்லாக ஒலிக்கிறது? அவர்கள் வந்து நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற கூற்றைத் தமிழ்ப் பெருமிதம் பேசும் சில குழுக்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லி உண்மைபோல் ஆக்கிவிட்டன. குறைந்த கூலிக்கு ஒப்பந்தத்தில் ஆளெடுத்து, உள்ளூர்த் தொழிலாளியின் பேரம்பேசும் வலிமையை உடைக்கும் முதலாளி அந்தக் கதையில் வருவதே இல்லை. இந்த அவமதிப்பை நாள்தோறும் அனுபவிப்பவருக்கு, தாக்குதல் நடக்கிறது என்ற செய்தி ஏற்கெனவே தெரிந்த கதையின் அடுத்த பாகமாகத் தோன்றியிருக்கும். பொய் இங்கும் மெய்யான காயத்தின் மீதுதான் ஒட்டிக்கொண்டது.

ஊரிலிருந்து தாய் கைபேசியில் அழுகிறாள், உடனே கிளம்பி வா என்கிறாள். ஆலை வளாகத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர் அந்த இரவில் யாரிடம் கேட்டுத் தெளிவார்? அவர் மொழி பேசும் சங்கத் தோழர் ஒருவரின் எண் அவரிடம் இருந்தால், காவல்துறையின் காணொளி வருவதற்குள் செய்தி அடங்கியிருக்கும்.

இதற்குப் பதிலாகச் சிலர் முன்வைக்கும் யோசனை, நமக்கும் பாஜக பாணியில் ஓர் ஐ.டி. பிரிவு வேண்டும் என்பது. அந்தப் பாணி என்னவென்று அமித் ஷாவே 2018 செப்டம்பரில் ராஜஸ்தானின் கோட்டாவில் தன் கட்சியினரிடம் பேசியிருக்கிறார். இனிப்போ புளிப்போ, மெய்யோ பொய்யோ, எந்தச் செய்தியையும் மக்களிடம் கொண்டுசேர்க்கும் ஆற்றல் தங்களுக்கு உண்டு என்றார். உத்தரப்பிரதேசத்தில் 32 லட்சம் பேரைக் கொண்ட வாட்ஸ்அப் குழுக்களைச் சான்று காட்டினார். அகிலேஷ் தன் தந்தையை அறைந்தார் என்ற பொய்யை ஒரு தொண்டர் பரப்பிய கதையையும் சொன்னார். அப்படிச் செய்யக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாலும், அதனால் விளைந்த பலனை அவர் மறைக்கவில்லை.

கருவி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. விரைவும் தொழில்நுட்பத் தேர்ச்சியும் தேவை. ஆனால் மெய்யோ பொய்யோ என்ற இடத்தில் நாம் அவர்களைப் பின்பற்ற முடியாது. இது ஒழுக்கப் பெருமிதத்துக்காகச் சொல்வதல்ல. வலதுசாரி அரசியலுக்குப் பொய் அம்பலமானால் நட்டம் குறைவு. அதன் அடித்தளம் பயமும் வெறுப்பும். நம் அடித்தளம் தொழிலாளி நம் துண்டறிக்கையில் உள்ள கூலிக் கணக்கை நம்புவது. வேறெங்கோ நடந்த பேரணியின் படம் நம் பேரணியாக நம் குழுக்களிலும் சுற்றத்தான் செய்கிறது. நமக்குப் பிடித்தது என்பதால் சரிபார்க்காமல் அனுப்பும் மனம், பீகார் ஆய்வில் வந்த பாஜக ஆதரவாளரின் மனத்திலிருந்து எந்த வகையில் வேறு? வர்க்க உணர்வு வந்துவிட்டால் மூளையின் இயல்பு மாறிவிடும் என்று எந்த ஆசானும் எழுதவில்லை.

உண்மையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசிடம் விடுவதும் தீர்வாகாது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அந்த அரசின் பிரிவே முடிவு செய்யும் வகையில் 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகள் திருத்தப்பட்டன. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்து செய்தது. சிறுநீரகம் பற்றிய பேச்சு அமைச்சரிடமிருந்தே வந்ததாகச் செய்தி வெளியான திரிபுராவை நினைத்துப் பார்த்தால், அந்தப் பிரிவு என்ன செய்திருக்கும் என்பது விளங்கும்.

எனவே மாவட்டக் குழுக்கள் உடனடியாக எடுக்கத்தக்க வேலைகள் சில உள்ளன. மறுப்பு எழுதும்போது முதல் வரியில் நடந்தது என்ன என்பது இருக்கட்டும். பொய்யை நடுவில் ஒருமுறை, சிறிய எழுத்தில், பொய் என்ற எச்சரிக்கையோடு சொன்னால் போதும். இறுதியில் உண்மையான காரணமும் யார் பொறுப்பு என்பதும் வரட்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் மக்கள் ஐயம் வந்தால் யாரைக் கேட்கிறார்கள் என்று பெயர் பெயராக அறிந்து வைக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியராக இருக்கலாம், மருந்துக் கடைக்காரராக இருக்கலாம், ஆட்டோ நிறுத்தத்தின் மூத்த ஓட்டுநராக இருக்கலாம். அவர்களோடு நமக்குள்ள உறவு பொய் வரும் நாளில் தொடங்கினால் பயனில்லை.

திருப்பூரிலும் கோவையிலும் திருப்பெரும்புதூரிலும், இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் சங்கத்தின் வாயிற்பலகையும், இரவில் எடுத்துப் பேச ஒரு கைபேசி எண்ணும் வேண்டும். 2023இல் பொய் பரவியது ஹோலிக்கு ஊர் செல்லும் ரயில்கள் நிரம்பி வழிந்த வாரத்தில். அடுத்த ஹோலிக்கு முன்பே அந்த எண் ஒவ்வொரு தகரக் கொட்டகையிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அழைத்தால் எடுப்பவர் போஜ்புரி தெரிந்த தோழராக இருக்க வேண்டும்.